ஒரே சம்பவம், இரண்டு ஆவணப்படங்கள்: எதைப் பார்க்கலாம்?

நல்ல ஆவணப்படம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் பத்துப் பெயர்களை அடுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பட்டியலில் எரிமலை, மோசடி, மலையேற்றம், படுகொலை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். எது எதைவிட மேல் என்று சொல்ல வழியே இருக்காது. ஒரே விஷயத்தைப் பற்றி வந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இயக்குநர் என்ன வேலை செய்திருக்கிறார் என்று பிடிபடுகிறது. நடந்தது ஒன்று, படம் மட்டும் ஏன் இரண்டு விதம்? நான் பார்த்தவரை அதற்கான பதில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: கேமராவை உள்ளே விட்டது யார், விட்டதில் அவருக்கு என்ன லாபம். சில ஜோடிகளை இந்தக் கேள்வியோடு அணுகலாம். முடிவு தெரிந்துவிடுமே என்ற கவலை வேண்டாம், எல்லாமே செய்திகளில் வந்து முடிந்தவை.

முதல் ஜோடியில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். காத்யா கிராஃப்ட், மோரிஸ் கிராஃப்ட் இருவரும் பிரான்ஸைச் சேர்ந்த எரிமலை ஆய்வாளர்கள், கணவன் மனைவி. உலகில் எங்கே எரிமலை வெடித்தாலும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியவர்கள். மோரிஸ் 16 மி.மீ. கேமராவில் படம் பிடிப்பார், காத்யா புகைப்படம் எடுப்பார். 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் மலையில் சாம்பலும் கொதிக்கும் வாயுவும் கலந்து சரிவில் பாய்ந்து வந்ததில் இருவரும் இறந்தார்கள். அன்று மொத்தம் 43 பேர் பலி. அவர்கள் விட்டுச்சென்ற படச்சுருள்களை வைத்து 2022இல் இரண்டு படங்கள் வந்தன: சாரா டோசாவின் 'ஃபயர் ஆஃப் லவ்', வெர்னர் ஹெர்சாக்கின் 'தி ஃபயர் விதின்'. மூலக் காட்சிகள் ஒன்றே, எடுத்தவர்களும் உயிரோடு இல்லை. ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இயக்குநர்களுடையது.

டோசாவுக்கு இது காதல் கதை. காத்யா, மோரிஸ், எரிமலை என்று ஒரு முக்கோணம். மிராண்டா ஜூலையின் மெதுவான பின்னணிக் குரல், துள்ளலான படத்தொகுப்பு, நடுநடுவே அனிமேஷன். எரிமலைகளைச் சிவப்பு, சாம்பல் நிறம் என்று இவர்கள் இரண்டாகப் பிரித்தது படத்துக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. சிவப்பு வகையில் குழம்பு வழிந்து ஓடும், கவனமாக இருந்தால் அருகே போகலாம். சாம்பல் நிறத்தவை வெடிக்கும், கொல்லும். சிவப்பில் தொடங்கிய வாழ்க்கை போகப் போகச் சாம்பல் பக்கம் நகர்வதைப் பார்க்கும்போதே நமக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். மோரிஸ் அமில ஏரியில் ரப்பர் படகை விட்டு மிதக்கும் இடத்தில் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

ஹெர்சாக் இந்த வாழ்க்கை வரலாறு எனக்கு வேண்டாம் என்கிறார். இவர்கள் எடுத்த காட்சிகள்தான் அவருக்கு முக்கியம். உன்சென் மலையின் கடைசி நாட்களிலேயே படத்தைத் தொடங்கிவிடுகிறார். ஆரம்ப காலச் சுருள்களைக் காட்டி இவை சுமார்தான் என்று ஒளிக்காமல் சொல்கிறார். பிறகு இந்த இருவரும் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல படப்பிடிப்பாளர்களாக வளர்வதை, தொழில் தெரிந்த ஒருவர் இன்னொருவரின் வேலையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். 1985இல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது சேற்றுவெள்ளம் ஆர்மெரோ நகரை மூடியது, சுமார் 23,000 பேர் இறந்தார்கள். இவர்களின் கேமரா மலையை விட்டு மனிதர்கள் பக்கம் திரும்பியது அப்படிப்பட்ட இடங்களில்தான் என்பதை ஹெர்சாக் அவசரமில்லாமல் காட்டுகிறார். நெடுநேரம் பேச்சே இல்லை, இசை மட்டும்.

எது மேல்? முதன்முறை பார்ப்பவருக்கு டோசாவின் படம். அந்த மனிதர்களை அறிமுகம் செய்துவைப்பது அதுதான், காத்யாவுக்கு உரிய இடம் தருவதும் அதுதான். ஹெர்சாக்கின் படம் மட்டும் பார்த்தால் காத்யா எப்படிப்பட்டவர் என்று அதிகம் பிடிபடாது. ஆனால் திரும்பப் பார்ப்பதற்கு நான் எடுப்பது ஹெர்சாக்கைத்தான். டோசாவின் பின்னணிக் குரல் இருவரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று அடிக்கடி நிரப்பிக்கொண்டே போகிறது. மறுத்துச் சொல்ல அவர்கள் இல்லை. அந்த இனிப்பு எனக்குக் கொஞ்சம் கூடுதல். ஹெர்சாக்கிடமும் ஒரு தொல்லை உண்டு, எதைத் தொட்டாலும் அது ஹெர்சாக் படமாகிவிடும். அவர் குரலே ஒத்துவராதவர்கள் தள்ளியே நிற்கலாம்.

அடுத்தது நிஜமாகவே போட்டிக்கு வந்த ஜோடி. 2017 ஏப்ரலில் பஹாமாஸ் தீவுகளில் 'ஃபயர் ஃபெஸ்டிவல்' என்ற ஆடம்பர இசைவிழா நடப்பதாக இருந்தது. பிரபல மாடல்களை வைத்து விளம்பரம், இன்ஸ்டாகிராமில் அமர்க்களம். போய் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது பேரிடர்க் கால கூடாரமும், மழையில் நனைந்த மெத்தையும், பெட்டியில் இரண்டு துண்டு ரொட்டியும் சீஸும். அமைப்பாளர் பில்லி மெக்ஃபார்லண்டுக்கு 2018இல் ஆறு ஆண்டு சிறைத்தண்டனை. நெட்ஃபிளிக்ஸ் தன் படத்தை 2019 ஜனவரி 18 அன்று வெளியிடத் தயாராக இருந்தது. நெட்ஃபிளிக்ஸின் போட்டி ஓடிடி தளமான ஹுலு முன்னறிவிப்பே இல்லாமல் ஜனவரி 14 அன்று தன்னுடைய 'ஃபயர் ஃபிராட்' படத்தை இறக்கிவிட்டது.

கேமராவை உள்ளே விட்டது யார் என்ற கேள்வி இங்கே நன்றாகவே சுடும். கிறிஸ் ஸ்மித் இயக்கிய நெட்ஃபிளிக்ஸ் படத்தின் தயாரிப்பில் ஜெர்ரி மீடியா பங்காளி. அதே விழாவுக்கு சமூக ஊடக விளம்பரம் செய்த நிறுவனம் அது! ஹுலு பக்கம் மட்டும் சுத்தமா என்றால் அங்கே மெக்ஃபார்லண்டுக்கே பணம் கொடுத்துப் பேட்டி வாங்கியிருக்கிறார்கள். ஏமாற்றியவனுக்கு ஏமாற்றிய கதையைச் சொல்லக் கூலி.

சரி, படமாக எது தேறுகிறது? நெட்ஃபிளிக்ஸ்தான், சந்தேகமே இல்லை. உள்ளிருந்து எடுத்த காட்சிகள் அதனிடம் கொட்டிக் கிடக்கின்றன, நாள் நெருங்க நெருங்கக் கூடும் பதற்றத்தை அழகாகக் கட்டியிருக்கிறார் ஸ்மித். வேலைக்கு ஆள் பிடித்து, சாப்பாடு போட்டு, கடைசியில் சேமிப்பை இழந்து நின்ற உள்ளூர் உணவக உரிமையாளர் பேசும் சில நிமிடங்கள் மற்ற கேலிகளையெல்லாம் அடக்கிவிடுகின்றன. படம் வந்தபின் அவருக்காகப் பொதுமக்கள் நிதி திரட்டியதும் நடந்தது. ஹுலு படம் மீம், பழைய சினிமாத் துண்டு என்று எதையாவது ஒட்டிக்கொண்டே ஓடுகிறது, கண் வலிக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பேட்டியிலும் மெக்ஃபார்லண்ட் நழுவுகிறாரே தவிர எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் விளம்பர நிறுவனத்தின் பங்கைத் தட்டிக்கேட்பது ஹுலு படம்தான். நெட்ஃபிளிக்ஸ் படத்தில் அந்த நிறுவனத்து ஆட்கள் அப்பாவிகளாகவே வந்துபோகிறார்கள். நெட்ஃபிளிக்ஸை முழுதாகப் பாருங்கள். அப்புறம் ஹுலு படத்தின் பின்பாதியை மட்டும் பார்த்தால் போதும்.

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் இருக்கும் எல் கேப்பிடன் ஏறக்குறைய 900 மீட்டர் செங்குத்துப் பாறை. அதன்மேல் இரண்டு படங்கள். 'ஃப்ரீ சோலோ'வில் அலெக்ஸ் ஹானல்ட் 2017 ஜூன் 3 அன்று கயிறே இல்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறி முடிக்கிறார். 'தி டான் வால்' படத்தில் டாமி கால்ட்வெல், கெவின் ஜார்கெசன் இருவரும் 2014 டிசம்பர் கடைசியில் தொடங்கி, பாறையிலேயே தொங்கும் படுக்கையில் தூங்கி எழுந்து, 19 நாளில் வேறொரு பாதையில் ஏறுகிறார்கள். விழுந்தால் தாங்கக் கயிறு உண்டு, ஏறுவது கைகால் பலத்தில் மட்டும்.

ஆஸ்கர் வாங்கியது 'ஃப்ரீ சோலோ'. உள்ளங்கை வியர்க்காமல் அதன் கடைசிப் பகுதியைப் பார்ப்பவர் இருக்க முடியாது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாக இருந்தது கேமராக்காரர்களின் நிலை. இயக்குநர்களில் ஒருவரான ஜிம்மி சின்னும் மலையேறுபவர், குழுவில் பெரும்பாலோர் ஹானல்டின் நண்பர்கள். நாம் படம் பிடிப்பதாலேயே இவன் தவறி விழுந்துவிட்டால்? இந்தப் பயத்தைப் படம் மறைக்கவில்லை. மிகக் கடினமான இடத்தில் ஆள் யாரும் அருகில் இல்லாமல் தொலைவிலிருந்து இயங்கும் கேமராவை வைத்திருக்கிறார்கள். கீழே நிற்கும் ஒரு கேமராக்காரர் பார்க்க முடியாமல் திரும்பிக்கொள்கிறார். காட்சி எடுக்க அனுமதி கிடைத்துவிட்டது, அதை எடுக்கலாமா என்பதுதான் பிரச்சினை.

இவ்வளவு சொன்னபின்னும் என் ஓட்டு 'டான் வா'லுக்கே. ஹானல்ட் ஏறிவிடுவார் என்பது படம் தொடங்கும்முன்பே தெரியும். கால்ட்வெல்லின் கதையில் அப்படியில்லை: கிர்கிஸ்தானில் ஆயுதக்குழுவிடம் பிணைக்கைதியாகச் சிக்கியது, ரம்பத்தில் இடது ஆள்காட்டி விரலின் பாதி போனது, மணமுறிவு. பாறையின் ஒரு கட்டத்தில் ஜார்கெசன் நாள்கணக்கில் தோற்றுக்கொண்டே இருக்கிறார். கால்ட்வெல் தாண்டிப் போய்விட்டார், தனியாகவே உச்சியை அடைந்துவிடலாம். போகாமல் காத்திருக்கிறார். மலையேற்றத்தில் துளியும் ஆர்வம் இல்லாதவருக்கும் இந்தப் பகுதி பிடிக்கும். ஒரு சின்ன வேடிக்கை, 'ஃப்ரீ சோலோ'வில் ஹானல்டுக்குப் பயிற்சித் துணையாக வருபவரும் இதே கால்ட்வெல்தான்.

நிலாப் பயணம் பற்றி மூன்று படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'அப்போலோ 11' (2019) பின்னணி விளக்கமும் புதுப் பேட்டியும் இல்லாமல், அன்றைய காட்சியையும் ஒலியையும் மட்டும் வைத்துத் தொகுத்தது. ஆவணக்காப்பகத்தில் கிடந்த 65 மி.மீ. சுருள்களின் துல்லியம் அசத்தும், கிடைக்கும் பெரிய திரையில் பாருங்கள். 'ஃபார் ஆல் மேன்கைண்ட்' (1989) பல பயணங்களின் காட்சிகளை ஒட்டி ஒரே பயணம்போல் காட்டுகிறது. அழகுதான், ஆனால் பார்ப்பது எந்தப் பயணம் என்று தெரியாமல் எனக்கு எரிச்சல் வந்தது. வயதான விண்வெளி வீரர்களே உட்கார்ந்து பேசுவது 'இன் தி ஷேடோ ஆஃப் தி மூன்' (2007). ஆம்ஸ்ட்ராங் அதில் பேட்டி கொடுக்கவில்லை, மைக்கேல் காலின்ஸின் நகைச்சுவை அந்தக் குறையைப் போக்கிவிடுகிறது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க அதுவே சரி.

கடைசி ஜோடி ஒரே இயக்குநருடையது. இருந்தாலும் இரண்டு படமும் ஒன்றுக்கொன்று எதிரெதிரே நிற்பவை. இந்தோனேசியாவில் 1965-66இல் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்திக் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது ஐந்து லட்சம் பேர் என்பது பரவலான மதிப்பீடு. ஜோஷுவா ஓப்பன்ஹைமர் முதலில் உயிர்பிழைத்தவர்களைத்தான் படமெடுக்கப் போனார். ராணுவத்தின் மிரட்டலால் அது நடக்கவில்லை. கொன்றவர்களிடம் கேமராவைக் கொண்டுபோனால் அவர்கள் பெருமையாகவே பேசினார்கள், ஏனென்றால் ஆட்சி அவர்கள் பக்கம். அப்படி உருவானது 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012). மேடான் நகரத்து அன்வர் காங்கோ ஒரு காலத்தில் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர், ஹாலிவுட் பைத்தியம். நீங்கள் செய்த கொலைகளை உங்களுக்குப் பிடித்த சினிமா பாணியில் நடித்துக் காட்டுங்கள் என்கிறார் இயக்குநர். கம்பியால் கழுத்தை நெரித்த மொட்டைமாடியில் நின்று எப்படிச் செய்தேன் என்று விளக்கிவிட்டு, அங்கேயே ச்சா ச்சா ஆடுகிறார் அன்வர். பிறகு ஒரு காட்சியில் தானே பலியாளாக நடிக்கிறார். என்னால் கொல்லப்பட்டவர்கள் பட்டதை இப்போது நான் உணர்கிறேன் என்று சொல்லும்போது, கேமராவுக்குப் பின்னாலிருந்து இயக்குநர் மறுக்கிறார்: உங்களுக்கு இது சினிமா என்று தெரியும், அவர்களுக்குச் சாகப்போகிறோம் என்று தெரியும்.

பலியானவர்களின் குரலே இல்லாமல் கொலைகாரர்களுக்கு மேடை போட்டுக் கொடுத்த படம் என்று இதைக் குறைசொல்வதுண்டு. அந்தக் குறை எனக்கும் நியாயமாகப் படுகிறது. 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' (2014) அதற்குப் பதில்போல் நிற்கிறது. ஆதி என்பவர் வீடு வீடாகப் போய் மூக்குக்கண்ணாடி விற்பவர். அவருடைய அண்ணன் ராம்லி கொல்லப்பட்டபின் பிறந்தவர். கொன்றவர்களின் வீட்டுக்குப் போய், அவர்களுக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டே அண்ணனைப் பற்றி நிதானமாகக் கேட்கிறார். ஒருவர் பழையதைக் கிளறினால் அது மறுபடியும் நடக்கும் என்று எச்சரிக்கிறார். இன்னொரு வீட்டில், அப்பா மனிதரத்தம் குடித்தது தெரிந்ததும் மகள் ஆதியிடம் மன்னிப்புக் கேட்கிறாள். சொந்த மாமாவே ராம்லி அடைபட்டிருந்த சிறைக்குக் காவல் நின்றவர் என்பதும் ஆதிக்குப் படத்தில்தான் தெரியவருகிறது.

இரண்டில் பெரிய படம் 'லுக்' என்றே சொல்வேன். அதில் வேடமோ ஆட்டமோ இல்லை, எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு முகங்கள்தான். ஆனால் 'ஆக்ட்' இல்லாமல் அது எடுக்கப்பட்டிருக்கவே முடியாது. முதல் படம் திரைக்கு வருவதற்கு முன்பே, 2012இல், ஆதியின் சந்திப்புகளைப் படமெடுத்து முடித்துவிட்டார்கள். மேலிடத்து ஆட்களோடு நெருக்கமான இயக்குநர் என்று நினைத்துத்தான் உள்ளூர்க் கொலைகாரர்கள் அவரைக் கைவைக்காமல் விட்டார்கள். அந்த நெருக்கம் முதல் படத்துக்காகக் கொலைகாரர்களோடு கழித்த வருடங்களில் வந்தது. பின்னால் ஆதியின் குடும்பம் ஊர் மாற வேண்டியிருந்தது. இரண்டு படங்களிலும் உள்ளூர்க் கலைஞர்கள் பலரின் பெயர்கள் பாதுகாப்புக்காக வெளியிடப்படவில்லை.

அதனால் 'ஆக்ட்' முதலில், 'லுக்' இரண்டாவது. நடுவில் சில நாள் இடைவெளி விடுங்கள், ஒரே இரவில் இரண்டையும் தாங்குவது கஷ்டம். 'ஆக்ட்' படத்துக்கு இரண்டு மணி நேரப் பதிப்பும் உண்டு, 159 நிமிடப் பதிப்பும் உண்டு. நீளமானதையே எடுங்கள். அன்வரிடம் வரும் மாற்றம் சின்னப் பதிப்பில் கொஞ்சம் திடீரென்று வருவதுபோல் இருக்கிறது.