இரண்டு டிஸ்க் செருகினால் மிரர் ஆகிவிடாது: ஸ்டுடியோக்காரர்களே, காசு கொடுக்கும் முன் சோதியுங்கள்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண ஸ்டுடியோ. "மிரர் போட்டிருக்கு, ஒண்ணு போனாலும் மத்தது இருக்கும்" என்று சொல்லி, 4 டிபி டிஸ்க் இரண்டு வைத்த பெட்டியை ஒரு கடை விற்றது. ஒரு டிஸ்க் செத்தது. கல்யாண வீடியோ மொத்தமும் போயிற்று. உள்ளே இருந்தது ரெய்டு 0. ரெய்டு என்றால் பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை; அதில் வகைகள் உண்டு.

மிரர் என்பது ரெய்டு 1. எழுதுவதெல்லாம் இரண்டிலும் பதியும். ரெய்டு 0 கோப்பைத் துண்டாக்கி, பெரும்பாலும் 64 அல்லது 128 கேபி அளவில், மாறி மாறி எழுதும். ஒன்று போனால் மற்றதில் மிஞ்சுவது பாதித் துண்டுகள்தான். பெரிய வீடியோ எதுவும் முழுதாகக் கிடைக்காது.

முதல் அடையாளம் கொள்ளளவு. 4 டிபி இரண்டு போட்டு விண்டோஸில் 7.27 டிபி காட்டினால் அது மிரரே இல்லை. மிரரில் 3.63 வரும். அதைப் பார்த்ததும் நம்பிவிடவும் கூடாது. ஒன்றை மட்டும் ஃபார்மட் செய்து மற்றதைச் சும்மா செருகி வைத்தாலும் அதே எண்தான்.

அதனால் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும், அதுவும் உங்கள் டேட்டாவை ஏற்றும் முன். சில வீடியோக்களைப் போட்டு, பெட்டியை அணைத்து, ஒரு டிஸ்கை உருவிவிட்டு இயக்குங்கள். கோப்பு திறக்கவேண்டும், பெட்டி எச்சரிக்கவும் வேண்டும். பிறகு அதே இடத்தில் செருகி, ரீபில்ட் (மற்ற டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நகலெடுப்பது) முழுதாக முடிந்தபின் அடுத்ததை உருவுங்கள். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம் ஆகும். ஒரு ராத்திரி கடையிலேயே விட்டுவிடுங்கள். பாதியில் உருவினால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

சரியான மிரரையும் சர்வீஸ்காரர் கெடுக்கலாம். டிஸ்க் செத்ததும் பெட்டி பீப் அடிக்கும். "சும்மா சத்தம்" என்று அதை நிறுத்திவிட்டுப் போனால், அன்றிலிருந்து ஒற்றை டிஸ்கில்தான் வேலை ஓடுகிறது, உங்களுக்குத் தெரியாமலேயே. லினக்ஸில் ஓடும் பெட்டியில், டிஸ்குகளின் நிலையைக் காட்டும் mdstat கோப்பைப் பார்த்தால் [UU] இருக்கவேண்டும்; ஒரு U, இயங்கும் ஒரு டிஸ்க். [U_] என்றால் ஒன்று இல்லை. இன்னொரு ஆபத்து: மாற்றும்போது, எதிலிருந்து நகலெடுப்பது என்பதற்கு வெற்று டிஸ்கைக் காட்டிவிட்டால் நல்ல டிஸ்கும் அழியும். டிரேயில் சீரியல் எண்ணை ஒட்டுங்கள். ரீபில்டுக்கு முன் முக்கியமானதை வெளி டிஸ்கில் எடுத்துவிடுங்கள்.

மிரர் காப்பது டிஸ்க் பழுதிலிருந்து மட்டுமே. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அப்படியே. நம் ஊர் துலா மாத (ஐப்பசி) இடி இரண்டையும் சேர்த்துச் சுடலாம். தனி நகல் ஒன்று கரண்டில் இணைக்காமல் வீட்டில் இருக்கட்டும்.

பில்லில் "ரெய்டு 1" என்றும் இரண்டு சீரியல் எண்களும் எழுதி வாங்குங்கள். ஏமாந்திருந்தால் செத்த டிஸ்கைக் கடையில் கொடுத்து மாற்றிவிடாதீர்கள், அதுதான் சாட்சி. நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியதென்று மனுவில் சொல்லி.