மின்சுற்றுப் பாடத்துக்கு மைன்கிராஃப்டா, ஃபெட்டா?

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலைக் கரும்பலகையில் மட்டுமே நடத்திக்கொண்டிருந்த நான், போன கல்வியாண்டில்தான் பிள்ளைகளைக் கணினி அறைக்கு அழைத்துப்போனேன். ஓடுகிற கணினிகள் பத்து, பிள்ளைகள் முப்பத்தெட்டு பேர். எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கட்டங்களை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டின் பள்ளிப் பதிப்பான மைன்கிராஃப்ட் எஜுகேஷன். இன்னொன்று, அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகள். இயற்பியலுக்கு 2001இல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கிவைத்த திட்டம் அது. இரண்டையும் வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு ஃபெட்டை எடுத்துக்கொண்டேன்.

விளையாட்டு பிள்ளைகளை இழுக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், நான்கு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஃபெட்டில் அந்த உற்சாகம் வராது.

ஆனால் நான் நடத்த வந்தது மின்சுற்று. மைன்கிராஃப்டில் மின்சாரத்தின் இடத்தில் இருப்பது ரெட்ஸ்டோன் என்ற சிவப்புத் தூள். ஒரு லீவரிலிருந்து அதைத் தரையில் கோடாகப் போட்டுக்கொண்டு போய் விளக்கில் சேர்த்து, லீவரைத் தட்டினால் எரியும். மின்னோட்டம் திரும்பி வர வழியே வேண்டாம், ஒற்றைக் கோடு போதும். அதன் வலிமை 15இல் தொடங்கி, கட்டத்துக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். கணினி 'ஆம்', 'இல்லை' என்று முடிவெடுக்க உதவும் லாஜிக் கேட்டைச் சொல்லித்தர இது நல்ல கருவி. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் ஆசிரியர் கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன். 'சுற்று மூடினால்தான் மின்னோட்டம்' என்று சொல்லித்தர வந்த எனக்கோ, அது பாடத்துக்கு நேர் எதிராகப் போனது.

ஃபெட்டின் மின்சுற்று சிமுலேஷனில் ஒரு பேட்டரி, ஒரு சாவி (சுவிட்ச்), தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள் போடச் சொன்னேன். சாவியை மூடும் முன் ஒரு கேள்வி: எந்த பல்பு பிரகாசமாக எரியும்? பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பதுதான், அது கொஞ்சம் மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்று பாதிப் பேருக்கு மேல் நோட்டில் எழுதினார்கள். மூடினால் இரண்டும் ஒரே மாதிரி எரிகின்றன. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, திரையில் நகரும் நீல எலக்ட்ரான் ஒன்றின் மேல் விரலை வைத்து, அது போகிற வழியெல்லாம் கூடவே நகர்த்திக்கொண்டு போனாள். இரண்டு பல்பையும் தாண்டியதும் நிமிர்ந்து, "டீச்சர், எதுவுமே குறையலையே!" என்றாள். இதைச் சொல்லத்தான் நான் வருடா வருடம் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் யாரோ பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைக்க, திரையில் தீ எழுந்தது. குறுக்குச்சுற்று என்றால் என்னவென்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு இருந்தும், முடிவு செய்ய வைத்தது வேறொரு கேள்வி: அடுத்த ஜூனிலும் இது ஓடுமா?

மைன்கிராஃப்ட் எஜுகேஷனுக்கு ஆள் கணக்கில் ஆண்டுச் சந்தா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல். என் பாடவேளை 40 நிமிடம். முதல் நாள் அதில் பாதி, மறந்துபோன கடவுச்சொற்களைத் தேடுவதிலேயே போனது. எங்கள் இணைய வேகத்தில் அப்டேட் இறங்க ஆரம்பித்தால் மீதியும் போகும். சரி, ஒரு வருடம் எப்படியோ சமாளிக்கலாம். அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனதும் புதியவர்களுக்குக் கணக்குகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும், சந்தாவுக்கு யாரையாவது கேட்க வேண்டும். நடுவில் எனக்கு மாறுதல் வந்தால் அதைத் தொடர்ந்து பார்க்க ஆளில்லை.

ஃபெட்டில் ஒவ்வொரு சிமுலேஷனும் ஒரு கோப்பு. வீட்டில் இறக்கிப் பென் டிரைவில் போட்டுவந்தால், இணையம் இல்லாமல் பிரவுசரிலேயே திறக்கும். கணக்கும் வேண்டாம், கட்டணமும் இல்லை. பல சிமுலேஷன்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

அதற்காக இது என்றைக்கும் பழுதாகாது என்று சொல்லமாட்டேன். நான் முன்பு சேர்த்துவைத்திருந்த பழைய ஃபெட் கோப்புகள், பிரவுசரில் அசைபடங்களை ஓட்டிய ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்தவை. 2020 முடிவோடு ஃபிளாஷ் நின்றதும் அந்த ஃபோல்டர் முழுக்க வீணானது. பெரும்பாலானவற்றை, பிரவுசரே நேரடியாகத் திறக்கும் எச்டிஎம்எல்5 வடிவத்துக்கு மாற்றிவிட்டார்கள், எல்லாவற்றையும் அல்ல. நீங்கள் நடத்தும் பாடத்துக்கு உள்ளது புதிய வடிவமா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

உண்மையான கருவிகளை விடலாமா என்றால், நான் விடவில்லை. கொலராடோவில் செய்து 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்த சிமுலேஷனில் படித்த கல்லூரி மாணவர்கள் நிஜ மின்சுற்றை அமைப்பதிலும், நிஜக் கருவிகளில் படித்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் நிஜக் கருவிகளைக் கொடுத்தபோது என் பிள்ளைகளுக்கு வயரின் உறையைச் சீவவே அரை மணி நேரம் பிடித்தது. ஒரே ஒரு வகுப்பை வைத்து நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மைன்கிராஃப்டையும் மூன்று வாரம்தான் வைத்திருந்தேன். வரலாறோ புவியியலோ நடத்துபவருக்கு அது எப்படி உதவும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த ஜூனில் பத்து கணினிகளிலும் கோப்பை ஏற்ற எனக்கு ஒரு மதிய இடைவேளை போதுமாக இருந்தது. ஒரு பிரதி எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரிடமும் இருக்கிறது.