ராமநாதபுரமா, மதுரையா, போனிலேயா? பழைய காயத்துக்கு ஆள் தேடிய கதை

சின்ன வயதில் உறவுக்காரர் ஒருவரால் மனசில் விழுந்த காயம் என்னுடையது. அதற்கு மேல் அந்தக் கதையை இங்கே எழுதப் போவதில்லை. இருபது வருஷம் அதை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்தேன். என் மகள் அந்த வயதைத் தொட்டபோது மூட்டை தானாக அவிழ்ந்தது. தூக்கம் போனது. வீட்டுக்கு யாராவது மாமா முறையில் வந்தால் கை நடுங்கும். சரி, இதற்கு ஒரு ஆளைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அப்போதுதான் கிளம்பினேன்.

இருப்பது பாம்பன் பக்கம் ஒரு கடலோர ஊர். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று: ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி, மதுரையில் தனியார், இல்லை போனில் சிகிச்சை. ஃபீஸ், படிப்பு, தூரம் என்றுதான் எல்லாரும் ஒப்பிடச் சொல்வார்கள். அதெல்லாம் பிறகு. ஊருக்குத் தெரியாமல், ஒரே ஆளிடம், பல மாதம் போய்வர முடியுமா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். புண்ணைத் திறந்து காட்டிவிட்டுப் பாதியில் விட்டால் திறக்காமல் இருந்ததைவிட மோசம்.

நாலாவதாக ஒரு வழியும் உண்டு, அதுதான் எங்கள் பக்கம் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. பதினாறு வயதில் நான் ராத்திரி அலறி எழுந்தபோது அம்மா என்னை மந்திரிக்கத்தான் கூட்டிப் போனாள். தாயத்து கட்டினார்கள். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெரிந்த டாக்டர் மந்திரிப்பவர்தான். கும்பிட்டு அழுதால் நெஞ்சு லேசாகும், அது பொய்யில்லை. ஆனால் என்ன நடந்தது என்று அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. பேயிடம்தான் கேட்டார்கள்.

இந்தக் கரையில் மனசுக்கு வைத்தியம் என்றாலே சங்கிலி ஞாபகம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இன்று 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. நாம் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பதும் அதே சட்டத்தில் நமக்குள்ள உரிமை. பயத்தில் தள்ளிப்போடுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி ராமநாதபுரம். எங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பஸ் தூரம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு ஓ.பி., மாவட்ட மனநலத் திட்டம் எல்லாம் அங்கே. காசு கிடையாது, மாத்திரையும் இலவசம். இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், உட்கார்ந்து பேசி வாராவாரம் சிகிச்சை தருவார். எனக்குத் தூக்கமும் படபடப்பும் மருந்தில்தான் முதலில் அடங்கின. அது அடங்காமல் பேச்சே வந்திருக்காது. ஆனால் மருந்து அந்த நினைவைத் தொடாது. ஓ.பி. வரிசை நீளமாக இருக்கும் நாளில் வாழ்க்கைக் கதையைச் சொல்ல முடியாது, சொல்லவும் மனசு வராது.

அப்புறம் அந்த வரிசையே ஒரு சிக்கல். இரண்டாவது தடவை போனபோது எங்கள் தெரு மதினி ஒருத்தி எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "தலைவலி" என்றோம். அவளுக்கு என்ன வலியோ, இன்றுவரை நான் கேட்கவில்லை.

மதுரை இதற்கு நேர் எதிர். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. முதல் நாள் ஸ்டேஷனில் இறங்கியபோது அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பே வந்தது, இத்தனை பேரில் ஒருத்தருக்கும் நான் யாருடைய மருமகள் என்று தெரியாதே! ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ நாலு மணி நேரம், திரும்பி வர இன்னொரு நாலு. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நான் பார்ப்பவர் ஒரு அமர்வுக்கு 1,000 ரூபாய் வாங்குகிறார். துணி எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். மறக்காமல் துணியும் எடுத்து வருவேன், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வோம்.

மதுரையில் முதலில் கிடைத்தவர் சரியில்லை. பெயர்ப்பலகையில் கவுன்சலர் என்று இருந்தது. பத்து நிமிஷத்தில் "ஏம்மா அப்பவே வீட்ல சொல்லல?" என்றார். பிறகு, "மன்னிச்சுருங்க, மனசு லேசாயிரும்" என்றார். பதினொரு வயதுப் பிள்ளையிடம் போலீஸ் கேட்கிற மாதிரிக் கேள்வி அது. பஸ்ஸில் மானாமதுரை தாண்டும்வரை அழுதேன். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் நல்லவர் கோபப்பட மாட்டார்.

இரண்டாவது ஆளிடம் போகும் முன்பு போனிலேயே நாலு கேள்வி கேட்டுவிட்டேன். இந்த மாதிரிக் காயத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் நாளே எல்லாம் சொல்ல வேண்டுமா? என்ன முறை செய்வீர்கள்? நான் சொல்வதில் எதையாவது நீங்கள் வெளியே சொல்ல வேண்டி வருமா? அவர் சொன்ன பதிலில் எனக்குப் பிடித்தது, "நீங்க எப்ப சொல்லணும்னு நினைக்கிறீங்களோ அப்ப சொன்னாப் போதும். முதல்ல தூங்க வைப்போம்" என்றது. அப்படித்தான் நடந்தது. முதல் சில வாரம் அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நடுக்கம் வரும்போது காலைத் தரையில் ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லி, மூச்சை நீட்டி விடுவது மாதிரியான பயிற்சிகள்தான். கால் நிலையாக நின்ற பிறகுதான் நினைவுக்குள் போனோம்.

முறைகளில் இரண்டின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். ஒன்று, அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி. "என் தப்புதான்" என்பது போல உள்ளே ஊறிப்போன எண்ணங்களை எடுத்துப் பார்த்து மாற்றுவது. இன்னொன்று, கண்களை இடமும் வலமும் நகர்த்தியபடி நினைவை எதிர்கொள்ள வைக்கும் இ.எம்.டி.ஆர். உலக சுகாதார அமைப்பு 2013இல் இந்த இரண்டையும் பரிந்துரைத்தது. எனக்குச் செய்தது முதலாவது. எந்த முறையாக இருந்தாலும், செய்கிறவருக்கு அதில் பயிற்சி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

ஆண் டாக்டரா, பெண் டாக்டரா என்பதில் எனக்குப் பெண்தான். கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு லாத்தா (அக்கா) ஆணிடம் போய்த்தான் தேறினார். இதில் சட்டம் எதுவும் இல்லை.

மூன்றாவது, போன். மதுரையில் மூன்று தடவை நேரில் பார்த்த பிறகு அதே ஆளிடம் வீடியோவிலும் பேச ஆரம்பித்தேன். எட்டு மணி நேரப் பயணம் இல்லை, பஸ் காசு இல்லை, ஓ.பி. வரிசையும் இல்லை. ஆனால் கதவு வேண்டுமே! எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் "என்னாச்சு" என்று மூன்று பேர் தட்டுவார்கள். கடைசியில் கடல் வழி காட்டியது. படகு கடலுக்குப் போகும் நாளில் வீட்டுக்காரர் மறுநாள் காலையில்தான் திரும்புவார், மகள் பள்ளிக்கூடம் போயிருப்பாள், மாமியார் மதியம் தூங்குவார். அந்த ஒரு மணி நேரம் என்னுடையது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே பேசுவேன், வெளியே கேட்பது மிஷின் சத்தம்தான். சிக்னல் போகும் நாளும் உண்டு. சரியாக அழுகை வரும் நேரத்தில் படம் உறைந்துபோன கொடுமையும் நடந்திருக்கிறது. முன்பின் பார்க்காத ஆளிடம் போனிலேயே தொடங்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. நேரில் பார்த்துவிட்டுப் போனுக்கு மாறுவது வேறு விஷயம்.

14416 என்ற எண் வேறு வகை. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவிச் சேவை, 24 மணி நேரமும் தமிழில், இலவசம். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடைக்கும்போது அதற்கு ஈடு இல்லை. ஆனால் அடுத்த முறை வேறு குரல் எடுக்கலாம், அதனால் அதை நீண்ட சிகிச்சையாக நினைக்க வேண்டாம். இப்போது நடந்துகொண்டிருக்கும் கொடுமை என்றால் 181, பெண்கள் உதவி எண். போலீஸ், வக்கீல், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்த வழியாகச் சகி மையத்துக்கு, அதாவது பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையத்துக்கு, போகலாம். குழந்தை என்றால் 1098. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் புகார் தர வேண்டும் என்பது 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டம். சிகிச்சை தருபவரும் அதில் சேர்த்தி. என் நாலாவது கேள்வி அதற்காகத்தான்.

இப்போது என் ஏற்பாடு ஒரு கலவை. மாதம் ஒரு தடவை ராமநாதபுரத்தில் மாத்திரை. வாரம் ஒரு தடவை மதுரைக்காரரிடம் போனில். கையில் காசே இல்லாமல் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் ராமநாதபுரத்துக்கே போங்கள் என்பேன். ஆனால் மருந்தோடு திரும்பாமல், உளவியலாளர் யார், எந்தக் கிழமை இருப்பார், மறுபடி அவரையே பார்க்க முடியுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் வீட்டுக்காரர் வீட்டிலேயே இருப்பார். போன் நடக்காது. அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மதுரை என்று பேசி வைத்திருக்கிறோம். எப்படியும் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, யூனிஃபார்ம் துணி எடுக்க வேண்டியிருக்கும்.