பெலிஞ்சாவா, கெத்தாப்பாங்கா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் (குடியிருப்பு) வீட்டுப் பின்புறத்தில் இந்த இரண்டு மரங்களில் எதை நடுவது?

இடம்: பெலிஞ்சாவ், அதாவது தளிரும் விதையும் சமையலுக்கு உதவும் மரம், ஒடுங்கிக் கூம்பாக வளரும், கவாத்து செய்து குட்டையாகவே வைத்துக்கொள்ளலாம். கெத்தாப்பாங், அதாவது நாட்டு வாதுமை, அடுக்கடுக்காகக் கிளை விரித்து, பெரிய இலைகளை உதிர்த்து லோங்காங்கை (சாக்கடையை) அடைத்துவிடும்.

காய்ப்பு: பெலிஞ்சாவில் ஆண், பெண் மரம் தனித்தனி. ஒற்றைக் கன்றை நட்டுவிட்டு, காய்க்கவில்லையே என்று வெட்டிவிடாதீர்கள், பாவம்! பெண் மரத்தில் எடுத்த பதியன் ஒன்று, அருகே ஓர் ஆண் கன்று வேண்டும். விதை முளைக்கப் பல மாதம் ஆகும். ஈரம் காயவிடக் கூடாது. கெத்தாப்பாங் ஒற்றை மரமே காய்க்கும்.

சமையல்: பெலிஞ்சாவின் தளிரைத் தேங்காய்ப்பாலில் சமைக்கலாம். விதையை வறுத்து, ஓடு நீக்கி, சூட்டோடு தட்டிக் காயவைத்துப் பொரித்தால் எம்பிங் என்ற மொறுமொறு வறுவல். கெத்தாப்பாங் கொட்டையை நன்றாகக் காயவைத்து, விளிம்பில் நிறுத்தி உடைக்க வேண்டும். விரல் நுனியளவு பருப்புதான், ஆனால் பச்சையாகவே இனிக்கும்.

உயிரினம்: இரவில் கெத்தாப்பாங் சதையை வௌவால் கடித்துத் தின்று கொட்டையைப் போடும். பெலிஞ்சாவின் சிவந்த பழத்துக்குப் பறவைகள் வரும்.

சிறிய கொல்லைக்குப் பெலிஞ்சாவ். ஆற்றோரம், கோயில் திடலுக்குக் கெத்தாப்பாங்.