திருப்பூர் ஸ்டடி டூர் – காசுக்கு வொர்த்தா?

டெவலப்மென்ட் எகனாமிக்ஸ் படிக்கிற பசங்களுக்குன்னே ஒரு டூர்காரங்க நடத்துற ஒருநாள் திருப்பூர் ட்ரிப், போன மாசம் நாங்க 38 பேரு போயிட்டு வந்தோம். காலைல பனியன் கம்பெனி. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், கடைசில பிசிறு வெட்டுறதுன்னு ஒவ்வொண்ணா காட்டுனாங்க, ஆனா எனக்கு மண்டைல ஏறுனது அங்க தைக்கிற ஒரு அக்கா சொன்னதுதான், பீஸ் ரேட்டுன்னா என்ன (தைச்ச பீஸ் கணக்குக்கு கூலி), ஒன்றரை ஷிப்ட்னா என்னன்னு (எட்டு மணி நேரத்துக்கு மேல இன்னும் நாலு மணி நேரம்) அஞ்சு நிமிஷத்துல புரிய வச்சுட்டாங்க, ஒரு செமஸ்டர் பாடம் அது.

மத்தியானம் ஒரத்துப்பாளையம் டேம். 1992ல விவசாயத்துக்குன்னு நொய்யல் ஆத்துல கட்டுனது, சாயத்தண்ணி வந்து தேங்கி அந்த விவசாயத்தையே கெடுத்துச்சு. எக்ஸ்டர்னாலிட்டினு, அதாவது ஒருத்தர் தொழிலோட பாதிப்பு சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர் தலைல விழுறதுன்னு, புக்ல படிச்சது கண்ணு முன்னாடி கெடக்கு. 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அப்புறம் கழிவுத்தண்ணி ஒரு சொட்டுகூட வெளிய விடக்கூடாதுன்னு சுத்திகரிக்கிறது எல்லாம் கைடு நல்லாவே சொன்னாரு, ஆளு உள்ளூருங்கிறதால கொங்குத் தமிழ்ல கதை மாதிரி போச்சு.

கடுப்பானது என்னன்னா சுத்திகரிப்பு நிலையம் உள்ள கூட்டிட்டு போறோம்னு சொல்லிட்டு கேட்டோட நிறுத்திட்டாங்க, பர்மிஷன் வாங்கலையாம், அதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே. அந்த நேரத்துல ஃபேக்டரி ரிஜெக்ட் டிஷர்ட் கடைல ஒன்றரை மணி நேரம் இறக்கி விட்டாங்க (நானும் மூணு வாங்குனேன், அது வேற விஷயம்). சாப்பாடு சுமார். 5க்கு 3.5 குடுப்பேன், போறவங்க பர்மிஷன் லெட்டரை கையில பாத்துட்டு அட்வான்ஸ் கட்டுங்க.