குலசேகரம் வீட்டில் புதன்கிழமை 11 மணி

குவைத்திலிருந்து 30 நாள் லீவில் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் குலசேகரம் போய் வந்தேன். இந்த முறை கல்யாணத்துக்கோ கோவில் கொடைக்கோ போகவில்லை, அண்ணன் மகளைப் பார்க்கப் போனேன். அவளுக்கு 9 வயது. தொடை எலும்பில் வந்த புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் ஒன்றரை வருடம் சிகிச்சை நடந்தது. இப்போது நுரையீரலிலும் பரவிவிட்டது. அண்ணனும் குவைத்தில்தான். இருந்த லீவையெல்லாம் அப்போதே எடுத்துவிட்டார். அடுத்த லீவுக்கு இன்னும் 2 மாதம் இருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து திருவனந்தபுரம் பெரிய தூரமில்லை. ஆனால் எலும்பு வலியோடு மடியில் படுத்திருக்கும் பிள்ளைக்கு களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு குழியும் தனியாகத் தெரியும். மைனி (அண்ணன் மனைவி) சொன்னார்: "தம்பி, வலிக்கு டாக்டரப் பாக்கப் போறோம். போயிட்டு வந்தா ரெண்டு நாளு பிள்ள எழும்ப மாட்டா."

இதற்காகவே முதலில் ஒரு செயலியில் பணம் கட்டி டாக்டரிடம் பேசியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். வயது என்ன, என்ன நோய், எப்போது தொடங்கியது என்று மைனி தலையிலிருந்து சொல்ல வேண்டும், அதுவும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்போதே. கடைசியில் "நேரில் கூட்டிட்டுப் போங்க" என்று முடித்துவிடுவார்களாம். மூன்றாவது முறைக்குப் பிறகு மைனி அதை விட்டுவிட்டார்.

இப்போது நடப்பது வேறு. சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே வலிநிவாரணப் பிரிவு புதன்கிழமை காலை 11 மணிக்குக் காணொளியில் வருகிறது. அதே டாக்டர், அதே நர்ஸ். ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் வீடு என்பதால் சிக்னல் தெற்கு வராந்தாவில்தான் கிடைக்கும். பத்தரைக்கே கட்டிலை அங்கே இழுத்துப் போட்டுவிடுவோம். வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. இது நர்ஸ் சொல்லிக் கொடுத்தது. சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்த அட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். எந்த முகம் என்று அவளே தொட்டுக் காட்டுவாள். பிறகு போனை நெஞ்சருகே பிடிக்கச் சொல்லி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று நர்ஸ் எண்ணுவார். வாய்ப்புண் இருந்தால் முந்தின நாளே படமெடுத்து அனுப்பிவிட வேண்டும். டாக்டர் பேசுவது மலையாளம், மைனி பதில் சொல்வது தமிழ். எங்கள் பக்கத்தில் அது ஒரு தடையே இல்லை.

நான் இருந்த முதல் புதன்கிழமை அண்ணனையும் அழைப்பில் சேர்த்தோம். குவைத்தில் அப்போது காலை எட்டரை. வேலையிடத்தில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். அதுவரை மகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் இரவில் மைனி போனில் சொன்னதுதான். மைனியோ, அங்கே தனியாகக் கிடந்து வருந்துவாரே என்று பாதியை மறைத்திருக்கிறார். அவளுக்கு வலிக்குக் கொடுப்பது மார்ஃபின் மாத்திரை. அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மார்ஃபின் கொடுத்துட்டே இருந்தா பிள்ள அதுக்கு அடிமையாயிராதா டாக்டர்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. "தாங்குற வரைக்கும் கொடுக்காதே" என்று மூன்று வாரமாக அண்ணன் சொல்லிவந்திருக்கிறார். மைனி ராத்திரி மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். விடியற்காலையில் அவள் முனகியதற்குக் காரணம் அதுதான்.

டாக்டர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார். வலிக்காக, அளவு பார்த்துக் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம். மார்ஃபின் தொடங்கினால் முடிவு வந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. இந்த மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான், அதனால் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கொடுக்க வேண்டும். அண்ணன் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். நேரில் போயிருந்தால் இந்தப் பேச்சில் அவர் இருந்திருக்கவே முடியாது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் எங்கள் மாவட்டத்தில், முடிவெடுப்பவர் பாதி நேரம் கடலுக்கு அப்பால்தான். அவரையும் டாக்டர் முன்னால் உட்கார வைத்ததுதான் இந்த அழைப்பு செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு டாக்டரின் கடைசிக் கேள்வி மைனிக்கு: "நீங்க உறங்குறீங்களா?" மைனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பிரிவின் சமூகப் பணியாளர் பிறகு தனியாகப் பேசினார். மனசு தாங்காத ராத்திரிகளுக்கு டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண்ணையும் கொடுத்தார்: 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஒரு வருத்தம் சொல்லியாக வேண்டும். வலியையும் வேதனையையும் குறைக்கும் இந்த நோய் ஆதரவுப் பராமரிப்பு, குழந்தைகளுக்கு நோய் கண்டுபிடித்த நாளிலேயே, சிகிச்சையோடு சேர்ந்தே தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுக்கு ஒன்றரை வருடம் யாரும் சொல்லவில்லை. சொன்னபோது, கைவிட்டுவிட்டார்கள் என்றே வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

போனில் வராத ஒன்றும் உண்டு. 2020 மார்ச் 25இல் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதல்களின்படி போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்தை இப்படிப் பார்த்து எழுதித் தர முடியாது. மார்ஃபின் அதில் அடக்கம். அந்த எச்சரிக்கை எனக்குப் புரிகிறது. ஆனால் 11 மணிக்கு அளவைக் கூட்ட வேண்டும் என்று தெரிந்த பிறகும், மாத்திரைக்கு ஒருவர் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். நான் இருந்த மாதத்தில் இரண்டு முறை பைக்கில் போனேன். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத நாளில் மைனி யாரை அனுப்புவார்? ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைத்திருப்பதற்கான உரிம நடைமுறையை 2014இல் அந்தச் சட்டத்தில் வந்த திருத்தம் எளிதாக்கியது. அந்த வசதி அரை மணி நேரத் தொலைவுக்குள் வந்து சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தொட்டுப் பார்ப்பதற்கும் ஆள் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. அதில் வந்த நர்ஸ் அக்கா படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கும் விதத்தை மைனிக்குக் காட்டினார். ஒரு புதன்கிழமை அவரையே அழைப்பிலும் உட்கார வைத்தோம். காலில் எங்கே வீக்கம் என்று அவர் அழுத்திப் பார்த்துச் சொல்ல, டாக்டர் அங்கிருந்து கேட்டுக் குறித்துக்கொண்டார்.

திரும்பும் முன் மாத்திரை வாங்கும் சீட்டுகளையும் ஆதார் நகலையும் ஒரு கவரில் போட்டு மைனியின் தம்பியிடம் ஒப்படைத்தேன். இப்போது புதன்கிழமைகளில் காலை எட்டரைக்கு நானும் அண்ணனும் ஒரே வேனில் இருக்கிறோம். போன வாரம் நர்ஸ் கேட்கும் முன்பே அவள் அட்டையில் இரண்டாவது முகத்தைத் தொட்டுவிட்டு, ராத்திரி முழுக்க உறங்கினேன் என்று அப்பாவிடம் சொன்னாள்.