ஹூஸ்டனில் நான்கு வருடம், ஃபிலடெல்பியாவில் ஆறு வருடம்: நடந்து பார்த்த டவுன்டவுன்கள்

ஹூஸ்டன் டவுன்டவுனில், அதாவது நகரின் மையப் பகுதியில், வீடு பிடித்தபோது எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: அலுவலகத்துக்கு நடந்தே போக வேண்டும். போகவும் செய்தேன், பதினொரு நிமிட நடை. ஆனால் நான்கு வருடத்தில் அதைத் தவிர வேறு எங்கேயும் நடந்து போக எனக்குக் காரணமே கிடைக்கவில்லை.

அங்கே தெருவுக்குச் சுமார் 20 அடி கீழே, ஏறத்தாழ 6 மைல் நீளத்துக்குச் சுரங்க நடைபாதை ஓடுகிறது. ஆகஸ்ட் வெயிலில் அது வரம்தான். மதியச் சாப்பாடு, முடிவெட்டும் கடை, மருந்துக்கடை எல்லாமே கீழே, குளுகுளுவென்று. கீழே கூட்டம் முட்டிமோதும் அதே நேரத்தில் மேலே ஏறிப் பார்த்தால் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. கடை இருக்க வேண்டிய தரைத்தளத்தில் வெறும் கண்ணாடிச் சுவர், அடுத்து பார்க்கிங் கட்டடத்தின் வாசல். சனி, ஞாயிறில் சுரங்கத்தையும் பெரும்பாலும் பூட்டிவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். தினமும் நான் கடந்து போகும் மருந்துக்கடை வீட்டிலிருந்து இரண்டே பிளாக், ஆனால் சுரங்கத்துக்குள். பூட்டிய கதவு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி வந்து காரை எடுத்தேன். ஒரு டவுன்டவுனை எப்படி எடைபோடுவது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வாரநாள் மதியத்தில் அல்ல, விடுமுறை நாள் காலையில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஹூஸ்டன் சும்மா இருந்துவிடவில்லை. 2004-இல் மெயின் ஸ்ட்ரீட்டில் ரயில் வந்தது, 2008-இல் டிஸ்கவரி கிரீன் பூங்கா. 2012-இல் டவுன்டவுனில் குடியிருப்பு கட்டுவோருக்கு ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். பூங்கா அருமையானது. அங்கே போகிற வழிதான் வெறிச்சென்று இருக்கும்.

நடுவில் வேலை விஷயமாகச் சில மாதம் சிகாகோ. ஏரிக்கரைப் பாதை 18 மைல், அதற்கு ஈடே இல்லை. அங்கே ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் 1979-இல் கார்களை நிறுத்திவிட்டு, பஸ்ஸும் நடப்பவர்களும் மட்டும் என்று ஆக்கிப் பார்த்தார்கள். தெரு களையிழந்ததுதான் மிச்சம். 1996-இல் கார்களைத் திரும்ப விட்டார்கள். ஆக, காரை விரட்டினால் மட்டும் போதாது.

அப்புறம் ஃபிலடெல்பியா. 1682-இல், ஊரை நிறுவிய வில்லியம் பென் காலத்தில் கட்டம் கட்டமாகப் போட்ட தெருக்கள்தான் இன்றைக்கும் சென்டர் சிட்டி; டவுன்டவுனுக்கு அங்கே அதுதான் பெயர். பெரிய தெருக்களுக்கு நடுவே ஒரு கார் மட்டும் நுழையக்கூடிய சந்துகள், ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். சாயங்காலமானால் வாசல்படியில் உட்கார்ந்து பேசுவார்கள், திண்ணை மாதிரியே. பழைய அலுவலகக் கட்டடங்களை வீடாக மாற்றினால், அதனால் கூடும் மதிப்புக்கு 10 வருடம் சொத்துவரி கிடையாது என்று 1997-இல் கொண்டு வந்தார்கள். ஆட்கள் குடிவந்தார்கள். குடிவந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பால் வேண்டுமே, கடைகள் திறந்தே இருந்தன.

குறை இல்லாமல் இல்லை. வேர் தூக்கிய செங்கல் நடைபாதையில் இரண்டு முறை தடுக்கி விழுந்திருக்கிறேன். பனி பெய்தால், கடக்க வேண்டிய முனையில்தான் அதைக் குவித்து வைப்பார்கள். கட்டட வேலை என்று சொல்லி மாதக்கணக்கில் நடைபாதையை அடைப்பது எனக்குப் பெரிய எரிச்சல். மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் கிழக்குப் பக்கம் இன்னும் தேறவில்லை.

ஹூஸ்டனுக்கு வந்த அம்மா ஐந்தாம் நாளே "எனக்கு எப்போடா டிக்கெட்?" என்று கேட்டுவிட்டாள். இங்கே ஃபிலடெல்பியாவில் குறுக்குத் தெருக்களுக்கு நம்பர், நெடுந்தெருக்களில் பலவற்றுக்கு மரப்பெயர். ஸ்ப்ரூஸ், பைன் எல்லாம் அம்மாவுக்கு வாயில் வராது; நம்பர் போதும். ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பதினெட்டாம் தெரு வரை தனியாக நடந்து, ரிட்டன்ஹவுஸ் ஸ்கொயர் சந்தையில் இரண்டு கட்டு கீரை வாங்கி வந்தாள். அதற்கப்புறம் டிக்கெட் பேச்சே எடுக்கவில்லை.